தலை நனையாத முக்குளிப்பு வாத்தியார்

மலையடிவாரக் காட்டில் ஐந்து ஏரிகள் இருந்தன. ஓர் ஏரி நிரம்பினால் வாய்க்கால் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். தண்ணீர் போனதே தவிர, பேச்சு போகவில்லை. முதல் ஏரிப் பறவைக்கு மூன்றாம் ஏரியில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது.

ஒரு மழைக்காலத்தில் தவிட்டுக்குருவிகள் இதை மாற்றின. அவை எப்போதும் கூட்டமாக இருக்கும். எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும்.

"சும்மா பேசுற வாய்தானே, எதுக்காவது உதவட்டுமே" என்றான் அவற்றின் தலைவன் தவிடன்.

வாய்க்கால் ஓரமாக மரத்துக்கு ஒரு குருவி உட்கார்ந்தது. இந்த ஏரியில் ஒருவர் சொன்னதை முதல் மரம் வாங்கி அடுத்த மரத்துக்குச் சொல்லும். அது அதற்கடுத்த மரத்துக்குச் சொல்லும். பதிலும் அதே வழியில் திரும்பி வரும். பேச்சு பிடித்திருந்தால் கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். எத்தனை தலை ஆடியது என்பதும் கூடவே வந்து சேரும். இதற்கு 'கிளைப்பேச்சு' என்று பெயர் வைத்தார்கள்.

காடே கலகலப்பாகிவிட்டது. தூக்கணாங்குருவி ஒன்று தன் கூட்டில் போடும் முடிச்சை விளக்கிச் சொன்னது. முகம் தெரியாத இன்னொரு தூக்கணாங்குருவி ஐந்தாம் ஏரியில் அதைப் போட்டுப் பார்த்தது. மரங்கொத்திக்குத் தூர ஏரிகளிலிருந்தெல்லாம் பொந்து கேட்டு ஆள் வந்தது. "முன்னெல்லாம் வேலையைத் தேடி நான் பறப்பேன். இப்ப வேலை என்னைத் தேடி வருது" என்று அது அலகைத் துடைத்துக்கொண்டது.

முதல் ஏரியில் ஆம்பல் என்ற முக்குளிப்பான் இருந்தாள். உள்ளங்கையளவு வாத்து போல இருக்கும் சின்னப் பறவை. நீரில் மூழ்கி இரை பிடிப்பதுதான் முக்குளிப்பானின் பிழைப்பு. ஆம்பல் இட்ட முட்டைகளில் ஒன்றுதான் பொரிந்தது. அந்தக் குஞ்சுக்குக் குமிழன் என்று பெயர்.

முக்குளிப்பான்கள் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். சில நாளில் தண்ணீரில் இறக்கிவிட்டு முக்குளிக்கப் பழக்கும். ஆம்பலும் இறக்கிவிடத்தான் நினைத்தாள். அன்று பார்த்து அந்தச் செய்தி வந்தது.

"மூன்றாம் ஏரியில் ஒரு குஞ்சை விரால் மீன் விழுங்கிவிட்டதாம்."

ஆம்பல் இறக்கப்போன பிள்ளையை மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டாள். மத்தியானம் கிழக்கு மரத்திலிருந்து அதே செய்தி வந்தது. சாயங்காலம் மேற்கு மரத்திலிருந்து வந்தது. மறுநாள் வரும்போது விரால் முதலையளவு வளர்ந்திருந்தது. ஒரே செய்திதான் ஏரிகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஆம்பலுக்கோ ஒவ்வொரு தடவையும் இன்னொரு வீட்டுப் பிள்ளை போய்விட்டது போலிருந்தது.

"அம்மா, நான் எப்ப இறங்குறது?" என்று கேட்டான் குமிழன்.

"நாளைக்கு, கண்ணு."

நாளை வந்தது. அது இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போனது.

"முக்குளிக்க நான் எப்பம்மா கத்துக்கிறது?"

ஆம்பல் யோசித்தாள். "அதுக்கு எதுக்குத் தண்ணி? கிளைப்பேச்சுல எல்லாப் பாடமும் வருதே. இங்கிருந்தே கேட்டுக்கோ."

குமிழன் கேட்டான். நீர்க்காகம் மூச்சைப் பற்றிச் சொன்னது. ஆமை காலைப் பற்றிச் சொன்னது. கெட்டிக்காரப் பிள்ளை அவன். ஆளுக்கொரு விதமாகச் சொன்னதையெல்லாம் சேர்த்து, யாருக்கும் புரிகிற மாதிரி மூன்றே வரியாக்கினான்.

"அலகை மூடு. காத்தைப் பிழி. காலை உதை."

சிறகுக்குள் காற்று இருக்கும்வரை முக்குளிப்பான் மிதக்கும். சிறகை உடம்போடு அமுக்கிக் காற்றை வெளியேற்றினால்தான் மூழ்கும். நடுவரிக்கு அதுதான் அர்த்தம்.

ஆம்பல் பெருமை தாங்காமல் இதைத் தவிடனிடம் சொன்னாள். தவிடன் அடுத்த மரத்துக்குச் சொன்னான். பொழுது சாய்வதற்குள் ஐந்து ஏரியிலும் தலைகள் ஆடின.

"முதல் ஏரி முக்குளிப்பு வாத்தியார்" என்று குமிழனுக்குப் பெயர் பரவியது.

கேள்விகளும் வந்தன. மூன்றாம் ஏரியிலிருந்து செவ்வந்தி என்ற நாமக்கோழிக் குஞ்சு கேட்டது: "வாத்தியாரே, நான் காத்தைப் பிழியறேன். ஆனா நெட்டி மாதிரி மேலேயே வந்துடறேன். ஏன்?"

குமிழனுக்குத் தெரியவில்லை. "அம்மா, நீ எங்கேயிருந்து பிழிய ஆரம்பிப்ப?"

"அதெல்லாம் யாருப்பா யோசிச்சுச் செய்யறா?" என்றாள் ஆம்பல். ஆனாலும் மெல்ல அமுக்கிக் காட்டினாள். குமிழன் முதுகில் உட்கார்ந்தபடியே கால்விரலால் தடவிப் பார்த்தான்.

"அடிவயித்துலேர்ந்து ஆரம்பி. முதுகைக் கடைசியா அமுக்கு" என்று பதில் அனுப்பினான்.

அடுத்த நாள் செவ்வந்தியிடமிருந்து சேதி வந்தது. "சேத்தைத் தொட்டுட்டேன் வாத்தியாரே."

குமிழன் சந்தோஷத்தில் முதுகிலேயே குதித்தான். ஆம்பலுக்கு இடுப்பு வலித்தது. பிள்ளை வளர்ந்துகொண்டே போனானே தவிர இறங்கவில்லை. அவனைச் சுமந்துகொண்டு அவளால் முக்குளிக்க முடியாது. மேலே மிதக்கும் பூச்சிகளைத் தின்றே வயிற்றைக் கழுவினாள்.

தாழைக்கோழி கரையிலிருந்து கேலி செய்தது. "ஆம்பலக்கா, உன் முதுகுல இருக்கிறது உன் பிள்ளையா, உன் வீட்டுக்காரரா?"

"உனக்கென்ன, நீ கரையில நடக்கிற ஜாதி" என்று ஆம்பல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒருநாள் தவிடன் மூச்சிரைக்கப் பறந்து வந்தான்.

"சேதி தெரியுமா? மூன்றாம் ஏரிச் செவ்வந்தி வாய்க்கால் வழியா நீந்தி வருதாம். வாத்தியாரைப் பாத்து, கூடவே ஒரு முக்குளி போடணுமாம். எங்கே வரச் சொல்லட்டும்? ஊரே கேக்குது."

ஆம்பலுக்குத் தலைகால் புரியவில்லை. "தெற்குக் கரையில, அல்லிக்கொடி பக்கத்துல. மத்தியானம் வரச் சொல்லு."

தவிடன் மரத்துக்கு மரம் சொல்லிவிட்டான். ஐந்து ஏரியும் கேட்டது. பனைமர உச்சியில் உட்கார்ந்திருந்த பருந்தும் கேட்டது.

மத்தியானம் அல்லிக்கொடி பக்கம் ஒரே கூட்டம். செவ்வந்தி வந்து சேர்ந்தாள். சிவந்த தலை, பெரிய பாதம், ஓயாத வாய்.

"எங்கே என் வாத்தியார்?"

"நான்தான்" என்றது ஆம்பலின் முதுகு.

செவ்வந்தி அண்ணாந்து பார்த்தாள். "மேலே என்ன பண்றீங்க? கீழே வாங்க."

குமிழன் அம்மாவைப் பார்த்தான். ஆம்பல் அவசரமாக, "அவனுக்கு இன்னைக்குச் சளி" என்றாள்.

"சளி பிடிக்கிற பறவையா நாம?" என்று செவ்வந்தி சிரித்தாள். குமிழனின் காலைப் பார்த்தாள். சேற்றின் கறையே இல்லை. வயிற்றுத் தூவியைப் பார்த்தாள். பஞ்சுபோல உப்பியிருந்தது. அவள் சிரிப்பு நின்றது.

"வாத்தியாரே, நீங்க ஒரு தடவைகூட..."

"இல்லை" என்றான் குமிழன். அவன் குரல் நாணலுக்குள் போய் ஒளிந்துகொண்டது போலிருந்தது.

"அவன் மேல தப்பில்லைம்மா" என்று ஆம்பல் குறுக்கே வந்தாள். "நான்தான் இறக்கிவிடலை. உங்க ஏரியில விரால் எத்தனை குஞ்சுகளை விழுங்கிச்சுன்னு உனக்கே தெரியுமே."

"எங்க ஏரியிலயா? எத்தனை குஞ்சு?"

"தினமும் வந்துச்சே சேதி."

செவ்வந்தி யோசித்தாள். பிறகு தன் பெரிய பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். ஒரு விரலின் நுனியில் சின்னத் தழும்பு இருந்தது. "அத்தை, அந்தக் குஞ்சு நான்தான். விரால் விரலைக் கவ்விச்சு. நான் கத்தினேன். அது விட்டுட்டுப் போயிடுச்சு. என்னைத் தவிர வேற யாருக்கும் ஒண்ணும் ஆகலை."

கூட்டம் தவிடனைப் பார்த்தது. தவிடன் தன் சிறகை ரொம்பக் கவனமாகக் கோத ஆரம்பித்தான்.

அந்த நேரம் பார்த்து வெயில் மறைந்தது. மேகம் இல்லை. பருந்து.

கூட்டம் சிதறியது. தாழைக்கோழி நாணலுக்குள் ஓடியது. ஆம்பல் அலகை மூடினாள், சிறகை அமுக்கினாள், காலை உதைத்தாள். மூழ்கவில்லை. முதுகில் குமிழன் உப்பிக்கொண்டு நெட்டிக்கட்டு மாதிரி அவளைத் தூக்கிப் பிடித்தான். மறுபடி உதைத்தாள். மறுபடியும் மேலே வந்தாள். பிள்ளையைக் காக்க அவள் கொடுத்த முதுகு இப்போது இரண்டு பேரையும் பருந்துக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

"குமிழா, கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்று அலறினாள்.

"பிடிக்காதீங்க வாத்தியாரே. இறங்குங்க" என்று கத்தினாள் செவ்வந்தி. அவள் தப்பித்துப் போயிருக்கலாம். போகவில்லை. "நீங்க சொன்னதுதான். அலகை மூடு. காத்தைப் பிழி. அடிவயித்துலேர்ந்து, அடிவயித்துலேர்ந்து."

தன் பாடத்தையே இன்னொருவர் வாயால் கேட்டபோது குமிழனுக்கு அது புதிதாகக் கேட்டது. அவன் அம்மாவின் முதுகிலிருந்து வழுக்கி இறங்கினான். அலகை மூடினான். அடிவயிற்றிலிருந்து காற்றைப் பிழிந்தான். முதுகைக் கடைசியாக அமுக்கினான். காலை உதைத்தான்.

குபுக்.

பக்கத்தில் ஆம்பல் மூழ்கினாள். செவ்வந்தியும் மூழ்கினாள். பருந்தின் நகத்தில் ஓர் அல்லி இலை மாட்டியது. அது இலையைத் தூக்கிக்கொண்டு பனைமரத்துக்குப் போனது.

"என்னப்பா, இன்னைக்குச் சைவமா?" என்று நாணலுக்குள்ளிருந்து தாழைக்கோழியின் குரல் மட்டும் கேட்டது.

தண்ணீருக்குள் எல்லாம் பச்சையாக இருந்தது. அல்லித் தண்டுகள் மரங்கள் போல நின்றன. குமிழனுக்கு முன்னால் ஒரு பெரிய விரால் நின்றது. அதைச் சுற்றிச் செந்நிறக் குஞ்சு மீன்கள் மேகம்போல மொய்த்தன. ஆம்பல் பாய்ந்து வந்து குமிழனுக்கு முன்னால் சிறகை விரித்து நின்றாள். விராலும் தன் குஞ்சுகளுக்கு முன்னால் துடுப்பை விரித்து நின்றது.

"கொஞ்சம் தள்ளிப் போங்கம்மா" என்றது விரால். "பறவைங்க எங்க பிள்ளைங்களை விழுங்குதுன்னு இங்கே ஒரே பேச்சா இருக்கு. நான் இதுங்களைக் கூட்டிக்கிட்டு இந்தப் பொந்தை விட்டே நகர்றதில்லை."

"எனக்குப் புரியுதும்மா" என்றாள் ஆம்பல். அதற்கு மேல் மூச்சு இல்லை. மூன்று பேரும் மேலே வந்தார்கள்.

குமிழன் தும்மினான். மறுபடி தும்மினான். பிறகு சிரித்தான். யாரும் அழைக்காமலே மறுபடி முக்குளித்தான். எழுந்தான், மூழ்கினான், ஒரு தடவை வாயில் புழுவோடு எழுந்தான். ஆம்பல் வெறும் முதுகை அசைத்துப் பார்த்தாள். லேசாக இருந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது. முகமெல்லாம் ஏற்கெனவே ஈரமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு அவளும் முக்குளித்தாள். எத்தனை நாள் பசி.

தவிடன் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தான். "வாத்தியாரே, இன்னைக்கு என்ன சொல்லட்டும்?"

"முதல்ல இதைச் சொல்லுங்க. விரால் கவ்வின குஞ்சு உயிரோட இருக்கு. இங்கேதான் இருக்கு, ரொம்பப் பேசுது" என்றான் குமிழன்.

செவ்வந்தி அவன் தலையில் தண்ணீரை அடித்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம், நான் இன்னைக்குத்தான் முதல் தடவையா முக்குளிச்சேன். பாடத்துல ஒரு வரி விட்டுப்போச்சு. அதையும் சேத்துச் சொல்லுங்க."

"என்ன வரி?"

"தண்ணி சில்லுனு இருக்கும்."

மரத்துக்கு மரம் அந்த வரி போனது. ஐந்து ஏரியிலும் பறவைகள் விழுந்து விழுந்து சிரித்தன. எத்தனை தலை ஆடியது என்று தவிடன் கத்தினான். கேட்பதற்குக் குமிழன் மேலே இல்லை.

பாடம் எவ்வளவு தூரத்திலிருந்து வேண்டுமானாலும் வந்து சேரலாம். ஆனால் நம் தலையை நாமே நனைத்துப் பார்க்கும் அன்றுதான் அது நம்முடைய பாடமாகிறது.