குதிரைப் பரீட்சை

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அந்த ஜில்லாவில் தாசில்தார் ஆக வேண்டுமென்றால் துரை முன்னால் குதிரை ஓட்டிக் காட்ட வேண்டும். இதென்னடா கூத்து என்று கேட்க அங்கே ஆளில்லை.

நல்லபெருமாள் குமாஸ்தாவாகவே தலை நரைத்தவன். பரீட்சை அன்று குதிரையில் ஏறி உட்கார்ந்தான். துரை பிரம்பை நீட்டி, "நேராகப் போ" என்றார். நேரே இருளாயி என்ற ஏழைக் குடியானவச்சியின் புஞ்சை. கம்பு அப்போதுதான் கதிர் விட்டிருந்தது. இவன் வரப்பிலேயே கடிவாளத்தை இழுத்துப் பிடித்து, சுற்றிக்கொண்டு போனான்.

"உனக்குக் கை தயங்குகிறது. அடுத்த மாதம் வா. அதுதான் கடைசி" என்றார் துரை.

ஊருக்குத் தெற்கே பாழடைந்த மண்டபத்தில் ஒரு சாமி இருந்தார். இவனைவிட வயதில் சின்னவர். ஞாயிறுதோறும் அவர் காலடியில் போய் உட்காருகிறவன், அன்று முகம் தொங்கிப்போய் வந்தான்.

"சாமி, நான் அந்த வேலைக்குத் தகுதியில்லாதவனா?"

சாமி தன் கலயத்தை அவன் பக்கம் தள்ளினார். இருளாயி தினமும் கொண்டுவந்து ஊற்றும் கம்பங்கூழ்.

"முதல்ல இதைக் குடி."

குடித்தான். கூழ் வயிற்றில் இறங்கியது, மண்டையில் இறங்கவில்லை.

அடுத்த மாதம் கதிர் முற்றி அறுப்புக்கு நின்றது. இருளாயி சந்தைக்குப் போயிருந்தாள். துரை போதும் என்று சொல்லும்வரை, நல்லபெருமாள் அந்தப் புஞ்சைக்குள் போகவும் வரவும் குதிரையை விரட்டினான். துரை கை குலுக்கினார். பாவி, அதற்கே அவனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

மாலையும் கற்கண்டுமாக மண்டபத்துக்கு ஓடினான். சாமியின் கலயம் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் இருளாயி, மடி நிறைய மிதிபட்ட கதிரோடு உட்கார்ந்திருந்தாள். இவனைக் கண்டதும் எழுந்தாள்.

"ஐயா, தாசில்தார் ஆயிட்டீகளாமே! என் வயித்துல பாலை வாத்தீக. எந்தக் கட்டையில போறவனோ குதிரையை விட்டு என் கம்பையெல்லாம் அழிச்சுப்புட்டான். வருசம் முச்சூடும் என் பிள்ளைக என்னத்தைத் திங்கும்? நீங்கதான் அவனைப் பிடிச்சு நியாயம் கேக்கணும்."

நான்தான் என்று நல்லபெருமாள் சொல்லிவிடலாம். சொன்னால் பழி துரைமேலும் போகும், வேலை கைவிட்டுப் போகும். சாமி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டான்.

"மனு எழுதிக் குடு. விசாரிக்கலாம்."

"மகராசனா இருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள் அந்தப் புண்ணியவதி.

அவன் மாலையைச் சாமி முன்னால் வைத்தான்.

"ஆசீர்வாதம் பண்ணணும் சாமி."

சாமி எழுந்து நின்றார். இத்தனை வருடத்தில் அவனுக்காக அவர் எழுந்ததே இல்லை.

"அன்னைக்கு ஒண்ணு கேட்டியே. அன்னைக்கு உனக்குத் தகுதி இல்லைதான். இன்னைக்கு ஒரு குறையும் இல்லை. போய் வேலையை ஒப்புக்கோங்க, எசமான்."