கிலுகிலுப்பைப் பாம்பின் பக்கத்து இடம்

அரிசோனாப் பாலைவனத்தில், ஒரு மொட்டை மலையடிவாரத்தில் மங்கையர்க்கரசி அம்மாவின் ஆசிரமம் இருந்தது. பாலங்கள் கட்டி ஓய்வுபெற்ற பொய்யாமொழி அங்கே சீடராக வந்து சேர்ந்தார். குருவைவிட அவர்தான் வயதில் மூத்தவர்.

“தியானத்துக்கு ஒரு குடிசை போட்டுக்கணும்மா. இடம் காட்டுங்க.”

“மலை முழுக்க இடம்தான். மனசுக்குப் பிடிச்சதா நீங்களே பாருங்க.”

முதல் நாளே பிடித்துப்போயிற்று. இளவெயில் விழும் பாறைத் திட்டு. காற்றுக்கு நல்ல மறைவு. இதைவிட என்ன வேண்டும் என்று துண்டை விரிக்கக் குனிந்தார். டப்பாவில் காய்ந்த பட்டாணியைப் போட்டுக் குலுக்கினாற்போல் பாறை இடுக்கில் கிலுகிலுவென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தார். சுருண்ட உடம்பு, நட்டுக்கொண்டு நடுங்கும் வால்.

மூச்சிரைக்க ஓடிவந்து நின்றவரை, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“கிலுகிலுப்பைப் பாம்பும்மா!”

“கடிச்சுதா?”

“இல்லை.”

“அப்ப வேற இடம் பாருங்க.”

வறண்ட மணல் ஓடையில், முள்மரத்து நிழலில் ஓர் இடம் பார்த்தார். அங்கே, எலிவளை வாயில் அதே கிலுகிலு. சரி, ஈரம் இருந்தால் வராது என்று கணக்குப் போட்டு, ஊற்றுத் தண்ணீர் ஓடும் புல்வெளிக்குப் போனார். அங்கேயும் ஒன்று குட்டிகளோடு படுத்திருந்தது.

பொய்யாமொழி பெட்டியைக் கட்டிவிட்டார்.

“நான் மகன் வீட்டுக்கே போறேன்மா. வெயிலுக்குப் போனா வெயில்ல இருக்கு, நிழலுக்குப் போனா நிழல்ல இருக்கு. எனக்கு எது பிடிக்குதோ அதுதான் அதுக்கும் பிடிக்குது!”

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “ரசனை தெரிஞ்ச பாம்புதான். வாங்க, அந்தப் பாறையை நானும் பார்க்கிறேன்.”

பாறையை நெருங்கியதும் கிலுகிலு கேட்டது. அம்மா நின்றார். மெல்லப் பின்வாங்கினார். சத்தம் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் பின்வாங்கினார். நின்றுவிட்டது. அம்மா அங்கேயே, கையோடு கொண்டுவந்த பாயை விரித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வெயில் இதமாக இருந்தது. பாம்பும் தலையைச் சுருளின்மேல் சாய்த்துக்கொண்டது.

பொய்யாமொழி எட்டத்திலேயே நின்றார்.

“அம்மா, பாம்பு பிடிக்கிறவங்களுக்கு ஒரு போன் போடட்டுமா? வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க.”

“ஐயையோ, வேண்டாம்” என்றார் அம்மா. “எவ்வளவு தள்ளி உட்காரணும்னு வாய்விட்டுச் சொல்லுது. இப்படி ஒரு பக்கத்து வீடு உங்களுக்கு வேற எங்கே கிடைக்கும்?”

பொய்யாமொழி துண்டை உதறி, அம்மாவுக்கும் கொஞ்சம் பின்னால் விரித்தார்.