ஆளில்லாத ஊருக்குப் போகும் பஸ்

"ஒரு ஊருக்கு ரோடு எவ்வளவு அகலம் வேணும், டீச்சர்?"

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கோமதிநாயகம் கேட்டுவிட்டார்.

அவர் நெடுஞ்சாலைப் பொறியாளர். ஓய்வு பெறக் கொஞ்ச காலம்தான் பாக்கி. அவருக்குப் போய் ஒரு புது ஊரையே தூக்கிக் கொடுத்திருந்தார்கள். மணல்குடியைக் கடல் அரித்துக்கொண்டிருந்தது. அங்கிருக்கும் மீனவக் குடும்பங்களுக்காக, உள்ளே தள்ளி, செம்மண் காட்டில் ஓர் ஊர். செம்பொழில் என்று பெயர் வைத்தாயிற்று. வீடு கட்டுவது வேறு ஆட்கள். சாலையும் பஸ் தடமும் சைக்கிள் பாதையும் இவர் பொறுப்பு.

மெகருன்னிசா டீச்சர் அவரைவிட வயதில் ரொம்பவே சின்னவர். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவர். அதற்கு முன்பு எங்கோ ஒரு மலை நகரத்துக்குப் பஸ் தடம் போட்டவர். வேலையில் முட்டிக்கொண்டு நிற்கும் பொறியாளர்கள் அவரைத் தேடி வருவார்கள். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

"ரோடு யாருக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

"ஊருக்குத்தான்."

"ஊர் எங்க இருக்கு, காட்டுங்க."

கோமதிநாயகம் வரைபடத்தை விரித்தார். நடுவில் எட்டு வழிச் சாலை, நூல் பிடித்த மாதிரி. மேற்கே வீடுகள். கிழக்கே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைத்தெரு. சாலையின் ஓரத்தில் சைக்கிளுக்கு ஒரு வெள்ளைக் கோடு.

சொல்லும்போதே அவர் குரலில் பெருமை ஏறியது. இந்த மாவட்டத்தில் இப்படி ஒரு சாலை கிடையாது.

டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வரைபடத்தைக் கையில் எடுத்தார். எட்டு வழிச் சாலை உள்ளே மடிந்து காணாமல் போகும்படி தாளை மடித்து, நகத்தால் அழுத்தித் தேய்த்தார்.

வீடுகளின் வரிசை பள்ளிக்கூடத்து வாசலை வந்து தொட்டது.

"ஊர் இதுதான்," என்றார் டீச்சர். "உள்ள மடிஞ்சு கிடக்கே, அதைத்தான் நீங்க போட்டிருக்கீங்க."

கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்றது.

"அப்ப லாரி, கார் எல்லாம் எங்க போகும்?"

"இதைக் கேட்க வந்திருக்கணும் நீங்க," என்று தாளை அவர் கையில் கொடுத்தார்.

●

அடுத்த முறை வந்தபோது பெரிய சாலையை ஊருக்கு வெளியே தள்ளிச் சுற்றி வர விட்டிருந்தார். ஊர் நடுவில் பஸ்ஸுக்கு மட்டும் ஒரு தடம். அதன் இரு பக்கமும் நடைபாதை. சைக்கிளுக்கு இப்போதும் அந்த வெள்ளைக் கோடுதான், வெளிச் சாலையின் ஓரத்தில்.

டீச்சர் வரைபடத்தைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்தார்.

"இதுலயா வந்தீங்க?"

"ஆமா."

"அடுத்த தடவை சைக்கிள்ல வாங்க, சார்."

"இந்த வயசுலயா?"

"உங்க வயசுல அந்த ஊர்ல யாருமே இல்லையா?"

கோமதிநாயகம் ஜீப்பில் ஏறினார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் டீச்சரை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனார்.

ஆனால் அவர் ஒரு வேலையைத் தொட்டால் விடுகிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிளைக் கேட்டு வாங்கினார். அவருடைய வீட்டுக்கும் டீச்சர் வீட்டுக்கும் நடுவில் புறவழிச்சாலை இருந்தது. அது அவரே நின்று போட்ட சாலை. அதன் ஓரத்தில் வெள்ளைக் கோட்டை ஒட்டியே மிதித்தார்.

பின்னால் ஒரு டிப்பர் லாரி வந்தது. காற்று அவரை ஓரமாகத் தள்ளியது. சைக்கிளோடு சரளைக் கல்லில் போய் விழுந்தார்.

டீச்சர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது முழங்கையில் ரத்தம். டீச்சர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"கோடு இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு. லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியல."

கோமதிநாயகம் தரையில் உட்கார்ந்து, வரைபடத்திலிருந்த வெள்ளைக் கோட்டை ரப்பரால் அழித்தார். பெரிய சாலையை விட்டு விலகி, பனை வரிசையின் நிழலைப் பிடித்து, வீடுகளிலிருந்து பள்ளிக்கூடம் வழியாக மணல்குடிக் கடற்கரை வரைக்கும் சைக்கிளுக்கென்றே தனியாக ஒரு பாதை வரைந்தார். தண்ணீரை அதற்கப்புறம்தான் குடித்தார்.

●

மேலதிகாரி வரைபடத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எட்டு வழிச் சாலை எங்கய்யா?"

"எடுத்துட்டேன், சார்."

"நாளைக்கு ஊர் வளராதா?"

"வளரணும்னா ஊர் முதல்ல ஒண்ணா இருக்கணும், சார்."

"நடுவுல பஸ்ஸுக்குன்னு தனி ரோடு! பாதி நேரம் காலியாக் கிடக்குமே?"

"காலியாக் கிடந்தாத்தான் பஸ் வந்து சேரும்."

கோமதிநாயகம் மேலதிகாரியிடம் எதிர்த்துப் பேசி யாரும் பார்த்ததில்லை. அவருக்கே அவர் குரல் புதிதாக இருந்தது.

அதிகாரி வரைபடத்தை இன்னொரு முறை பார்த்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு ஒன்று சொன்னார்.

"அடுத்த வருஷ மழைக்காலத்துக்குள்ள ஜனங்க அங்க குடி வந்தாகணும். வரலைன்னா இடத்தைக் கம்பெனிக்காரங்க சரக்குக் கிட்டங்கி கட்டக் கேக்குறாங்க, கொடுத்திருவோம். அப்புறம் கடலாச்சு, அவங்களாச்சு."

●

செம்பொழில் கட்டி முடிந்தது. வீடு நின்றது. தடம் போட்டாயிற்று. ஜனம் வரவில்லை.

கோமதிநாயகம் மணல்குடிக்குப் போனார். கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. கடல் அங்கிருந்து கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. போன வருஷம் வரை தெருவாக இருந்த இடத்தில் அலை புரண்டுகொண்டிருந்தது.

ஊருக்காகப் பேசியவர் சிலுவையம்மாள். மீன் விற்கிறவர். புருஷனும் மகனும் கடலுக்குப் போகிறவர்கள்.

"வீடு நல்லாத்தான் இருக்கு, சார். பாத்துட்டு வந்தோம். ஆனா விடியக்காலம் எங்க ஆம்பளைங்க கடலுக்கு எப்படி வருவாங்க? நான் கூடையைத் தூக்கிட்டுச் சந்தைக்கு எப்படிப் போவேன்?"

"பஸ் வரும்மா. கூடை வைக்கத் தனி இடம் விட்டிருக்கு."

"எப்ப வரும்?"

"நீங்க குடி வந்ததும் வரும்."

சிலுவையம்மாள் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. சந்தோஷச் சிரிப்பு இல்லை அது.

"எங்க அக்காவைப் புது ஊருன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க. ரோடு போட்டாங்க. பஸ் வரும்னாங்க. அக்கா செத்தும் போயிட்டா. பஸ் இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு." முந்தானையை உதறி எழுந்தார். "பஸ் வரட்டும் சார். நாங்க வர்றோம்."

●

"ஆள் வந்தாத்தான் பஸ் விடுவோங்கிறது ஆபீஸ். பஸ் வந்தாத்தான் வருவோங்கிறது ஊர்," என்றார் கோமதிநாயகம். "எது முதல்ல, டீச்சர்?"

டீச்சர் பாலிடெக்னிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பையைத் தோளில் மாட்டியபடி வாசலுக்கு வந்தார். கோமதிநாயகமும் எழுந்து வந்தார். வாசற்படி குறுகலானது. ஒருவர்தான் போக முடியும்.

டீச்சர் நின்றார்.

"நீங்க போங்க, டீச்சர்."

"நீங்க போங்க, சார்."

"பரவால்ல, நீங்க போங்க."

டீச்சர் அசையவில்லை. வெளியே பால்காரர் மணியடித்துக்கொண்டே போனார். அவர் தெருமுனை திரும்பும் வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். கோமதிநாயகத்துக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் காலை எடுத்து வெளியே வைத்தார்.

டீச்சரும் உடனே வெளியே வந்து கதவைப் பூட்டினார்.

"நேரமாச்சு சார்," என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.

கோமதிநாயகம் வாசலிலேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து நேரே போக்குவரத்துக் கழகப் பணிமனைக்குப் போனார்.

●

ஆளில்லாத ஊருக்கு எதற்குப் பஸ் என்று பணிமனையில் கேட்டார்கள். அவர் மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். அவர் தலையைக் கண்டாலே எழுந்து உள்ளே போக ஆரம்பித்தார்கள். கடைசியில், தொல்லை தாங்காமல் ஒரு பழைய பஸ்ஸைக் கொடுத்தார்கள்.

விடியும் முன் மணல்குடியிலிருந்து பஸ் புறப்பட்டது. செம்பொழில் போய், சந்தை போய், திரும்பி வந்தது. மத்தியானமும் வந்தது. சாயங்காலமும் வந்தது. கோமதிநாயகம் ஒருவர்தான் பயணி.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கச் சொன்னார். ஓட்டுநர் நிறுத்துவார். காற்று ஏறி இறங்கும். நடத்துநர் விசில் அடிப்பார். பூட்டிய வீடுகளுக்கு நடுவில் பஸ் மெதுவாகப் போகும்.

மணல்குடியில் ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். "கல்யாண மாப்பிள்ளை போறாரு" என்று யாரோ கத்தினார்கள். கோமதிநாயகம் முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். மானம் போன மாதிரிதான் இருந்தது. மறுநாளும் ஏறினார்.

கடல் இன்னொரு வீட்டின் சுவரை எடுத்துக்கொண்டது. வானம் தெற்கே கறுத்து வந்தது.

"யாருமே ஏறல, டீச்சர்," என்று டீச்சர் வீட்டில் வந்து சொன்னார்.

"நேத்து பஸ் வந்துச்சா?"

"வந்துச்சு."

"இன்னிக்கு?"

"வந்துச்சு."

"அப்ப ஏறிக்கிட்டுத்தான் இருக்காங்க."

●

ஒரு நாள் விடியலில் பஸ் கிளம்பவில்லை. என்ஜினில் ஏதோ கோளாறு. மத்தியானம் வரை ஆகும் என்றார் ஓட்டுநர்.

"போகுது விடுங்க சார். யாரு ஏறப் போறா?"

கோமதிநாயகம் பணிமனைச் சுவரில் சாய்ந்திருந்த ஒரு சைக்கிளைக் கேட்டு எடுத்தார். செம்பொழில் வழியாக, தான் வரைந்த பாதையிலேயே மிதித்தார். தூறல் போட்டது. மூச்சு வாங்கியது. ஒரு ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டும் போனார். பஸ் வரும் நேரத்துக்கு மணல்குடி நிறுத்தத்தில் போய் நின்றார். அங்கே ஈ காக்கை இல்லை.

சிலுவையம்மாள் கூடையோடு வீட்டிலிருந்து வெளியே வந்தவர், நனைந்து நிற்கிறவரைப் பார்த்தார்.

"என்ன சார், பஸ்ஸைக் காணோம்?"

"இன்னிக்குக் காலையில வராதும்மா. ரிப்பேர். மத்தியானம் வந்துரும். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"யாருக்குச் சொல்ல?"

"பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்கு."

"யாரும் நிக்கலயே."

"நின்னிருந்தா ஏமாந்துருப்பாங்கல்ல."

சிலுவையம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தே சந்தைக்குப் போனார்.

●

மறுநாள் காலை நிறுத்தத்தில் சிலுவையம்மாள் பஸ்ஸுக்குக் கையைக் காட்டினார்.

ஓட்டுநர் பிரேக் போட்டார். கோமதிநாயகம் சீட்டிலிருந்து எழுந்துவிட்டார்.

சிலுவையம்மாள் ஏறவில்லை. கையில் ஒரு முருங்கைக் கொம்பு. அப்போதுதான் வெட்டியது. அதை ஜன்னல் வழியாக அவரிடம் நீட்டினார்.

"எங்க வீட்டு மரத்துல ஒடிச்சது. மரத்தைக் கடல் கொண்டு போயிரும். பஸ் நிக்கிற இடத்துக்குப் பக்கத்து வீடு இருக்கே, அந்த வாசல்ல நட்டு வைங்க. பிடிச்சா வர்றேன். நான் வந்தா ஊரு வரும்."

பதிலுக்குக் காத்திராமல் திரும்பிப் போனார்.

நட்ட பிறகு அது துளிர்த்தது. மழை வலுப்பதற்குள் சிலுவையம்மாள் பெட்டி படுக்கையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அவர் பின்னாலேயே மணல்குடி மொத்தமும் வந்தது. ஆனால் அன்று காலையில் கோமதிநாயகத்துக்கு இதெல்லாம் தெரியாது. கையில் ஒரு குச்சி இருந்தது, அவ்வளவுதான்.

அதைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினார்.

"டீச்சர், பிடிக்குமா இது? அந்த மண்ணுல பிடிக்குமா? நாள் வேற இல்ல. பிடிக்கலைன்னா எல்லாம் போச்சு. அந்தம்மா நம்பலைன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நான் போட்ட ரோடு, பஸ், பாதை எல்லாமே இந்த ஒரு குச்சியிலயா நிக்கணும்? இது என்ன நியாயம்? நான் இப்ப என்னதான் செய்யட்டும்?"

டீச்சர் கொம்பை வாங்கவில்லை. வெட்டிய இடத்தை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"காயுது சார்," என்றார். "போய் நட்டுத் தண்ணி ஊத்துங்க."