குனியாத ராஜாவும் வாலெட்டா கூரையும்

ஆப்பிரிக்காவில் கொலாமா என்றொரு மாவட்டம் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே மலை, தெற்கே சதுப்பு, நடுவே தன் இஷ்டத்துக்கு வளைந்து ஓடும் ஓர் ஆறு. கரை நெடுக ஊர்கள். ஊருக்கு ஒரு தலைவர், ஒரு சபைக் கொட்டகை. எல்லாவற்றுக்கும் மேலே புதிதாகப் பட்டமேறிய முல்பா ராஜா. ஆள் நல்ல உயரம். அந்த உயரத்தில் அவருக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. எதற்கும் தலை குனிந்ததில்லை என்று சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொள்வார். சாப்பிடக் குனிய வேண்டாமா என்று கேட்காதீர்கள். தட்டை ஏந்திப் பிடிக்க ஆள் இருந்தது.

ராஜா சபையில் உரக்கப் பேசமாட்டார். அவர் முணுமுணுப்பதை ஊருக்கு எடுத்துச் சொல்ல கோர்ப்போ என்பவள் இருந்தாள். ராஜா "முட்டாள்" என்றால், "இன்னொரு முறை யோசித்துவிட்டு வரச் சொல்கிறார்" என்பாள். மாவட்டத்தில் பாதிச் சண்டை இப்படித்தான் பிறக்காமலே போனது. அவள் பிறந்த ஊர் வாலெட்டா. சதுப்பு ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர்.

வாலெட்டாமேல் மந்திரி டோக்பாவுக்கு ஒரு கண். பக்கத்துப் பெரிய ஊரான காரிசூவுக்குத் தலைவர் அவருடைய மாமனார். இரண்டு ஊரையும் சேர்த்துவிட்டால் மீன் கொழிக்கும் சதுப்பு மாமனார் கைக்கு வந்துவிடும். அதற்கு வாகாக ஒரு வழக்கமும் இருந்தது. புது ராஜா ஊர் ஊராகப் போய், அந்தந்தக் கொட்டகையில் உட்கார்ந்து எழ வேண்டும். அவர் உட்காராத ஊருக்குத் தனித் தலைவர் கிடையாது, பக்கத்து ஊரோடு சேர்ந்துவிடும்.

வாலெட்டாவின் கொட்டகைக்குச் சுவர் இல்லை. குட்டைத் தூண்கள்மேல் பெரிய புல் கூரை, அவ்வளவுதான். வேண்டுமென்றே தாழ்வாக வைத்திருந்தார்கள். உட்கார்ந்து பேசலாம். கோபத்தில் துள்ளி எழுந்தால் உத்தரமே பதில் சொல்லிவிடும்.

டோக்பா இதை ராஜாவின் காதில் போட்டார். மன்னரைத் தலைகுனிய வைக்கத்தான் கூரையை அப்படி வைத்திருக்கிறார்கள் என்று கூசாமல் சொன்னார். ராஜாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. குனிந்து போவதில்லை, குனியாமல் போக முடியாவிட்டால் அந்த ஊர் காரிசூவோடு சேரட்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. கோர்ப்போ குறுக்கு வழி கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று டோக்பா நிபந்தனையும் போட்டார். கூரையில் ஒரு புல் குறையக் கூடாது, தூணை உயர்த்தக் கூடாது, தரையைத் தோண்டக் கூடாது.

இதை உரக்க அறிவிக்க வேண்டியவள் கோர்ப்போதான். சொந்த ஊருக்குத் தன் வாயாலேயே சாவோலை வாசிப்பதா? ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவள் முகத்தில் லேசான சிரிப்பு இருந்தது. டோக்பா அதைக் கவனிக்கவில்லை.

சொன்ன நாளில் மேளதாளத்தோடு ராஜா வாலெட்டாவுக்கு வந்தார். ஊர்த் தலைவர் ஃப்ளோமோ வரவேற்று நின்றார். கோர்ப்போ அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். ஃப்ளோமோ பாட்டெடுத்தார். ஊர் ஆண்கள் சுற்றி நின்று கூரை விளிம்பைப் பிடித்து, பாட்டின் தாளத்துக்கு "ஹோ" என்று தூக்கினார்கள். கூரைக்குக் கால் முளைத்தது. தள்ளாடித் தள்ளாடி நடந்து போய் மாமரத்தடியில் நின்றுகொண்டது.

வாலெட்டாக்காரர்களுக்கு இது புதிதல்ல. மண் களைத்துப்போனால் ஊரையே வேறிடத்துக்கு மாற்றுவார்கள். அப்போது கூரைகளைப் பிரிக்காமல் அப்படியே குடைபோலத் தூக்கிப் போவார்கள். தலைநகரத்துத் தகரக் கூரைக்குக் கீழே பிறந்து வளர்ந்த டோக்பாவுக்கு இது எப்படித் தெரியும்?

ராஜா நிமிர்ந்த தலையோடு தூண்களுக்கு நடுவே நடந்து போய் முக்காலியில் உட்கார்ந்தார். சபையாரும் உட்கார்ந்தார்கள். கூரை திரும்பி வந்து எல்லோர் தலைக்கு மேலும் பொத்தென்று அமர்ந்தது.

"இது மோசடி" என்று டோக்பா துள்ளி எழுந்தார். உத்தரம் தன் வேலையைச் செய்தது. மண்டையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தவர் விடவில்லை. வழக்கப்படி உட்கார்ந்தால் மட்டும் போதாது, எழுந்து குனியாமல் வெளியேயும் போக வேண்டும் என்றார்.

ராஜா மேலே பார்த்தார். கூரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முதல் முறையாக அவருக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

"கோர்ப்போ, கூரையைத் தூக்கச் சொல்" என்று கிசுகிசுத்தார்.

"சொல்லலாம் மன்னா. ஆனால் ஊர்த் தலைவர் பாடினால்தான் இவர்கள் தூக்குவார்கள். வேறு யார் பாடினாலும் தூக்குகிற வழக்கமில்லை."

"ஃப்ளோமோவைப் பாடச் சொல்லேன்."

"வாலெட்டாவுக்குத் தலைவர் உண்டா இல்லையா என்று மன்னர் இன்னும் சொல்லவில்லையே. இல்லையென்றால் காரிசூத் தலைவர்தான் வந்து இந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டு பாட வேண்டும். அவர் கற்றுக்கொள்ளும் வரை மன்னருக்கு இங்கேயே மீன் குழம்பும் சோறும் போடுகிறோம்."

ராஜா அவளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மண்டை வீங்கிய மந்திரியைப் பார்த்தார். உதடு துடித்தது. அப்புறம் ஒரேயடியாக வெடித்துச் சிரித்துவிட்டார். வாலெட்டா என்றைக்கும் தனி ஊர், அதற்கு ஃப்ளோமோதான் தலைவர் என்று சிரிப்புக்கு நடுவிலேயே சொன்னார். கழுத்திலிருந்த பவள மாலையைக் கழற்றி கோர்ப்போவின் கையில் போட்டார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஃப்ளோமோ பாட்டெடுக்க வாயைத் திறந்தார். ஆனால் ராஜாவின் சிரிப்பு நின்றால்தானே? வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இரண்டாக மடங்கி, சிரித்தபடியே கூரைக்கு அடியில் நுழைந்து வெளியே போய்விட்டார். தான் என்ன செய்தோம் என்பது அவருக்கே தெரியாது.

டோக்பாவுக்குத் தெரிந்தது. "பார்த்தாயா, குனிந்துவிட்டார்" என்று கோர்ப்போவின் காதில் சீறினார்.

கோர்ப்போ மாலையை நிதானமாகக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"அப்படியா? ராஜா இதோ வெளியேதான் நிற்கிறார், மந்திரியாரே. நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்."