பொன்னம்பலத்தின் பெட்டியில் தூங்கிய பணம்

கோரைப்பட்டினத்தில் முத்து வாங்க நினைத்தவர்கள் எல்லாரும் தரகர் பொன்னம்பலத்தின் வாசலுக்குத்தான் போவார்கள். பணத்தை முன்கூட்டியே கொடுத்துவைக்க வேண்டும். ஏலம் வரும்போது அவர் பார்த்து வாங்கித் தருவார். அந்த வருஷம் கடல் கைவிரித்துவிட்டது. ஏலமே நடக்கவில்லை. பணம் மட்டும் அவரிடமே கிடந்தது.

கருவாடு விற்கும் காத்தாயி நேரே அரசவைக்கு வந்துவிட்டாள்.

“ராசா, நான் குடுத்த நூறு பொன்னைத் தரகரு அப்படியே திருப்பிக் குடுத்துட்டாரு, இல்லேங்கல. ஆனா வருஷம் பூரா அதைக் கப்பல்காரங்களுக்கு வட்டிக்கு விட்டிருக்காரு. அந்த வட்டியில எனக்குப் பங்கு வேணாமா? எம்புருசன் கூலிக்கு ஓட்டுற படகு விலைக்கு வந்திருக்கு. எட்டுப் பொன் குறையுது. பொழுது சாஞ்சா வேற ஆளுக்குப் போயிடும்.”

மன்னர் ஆள் விட்டு வரவழைத்த பொன்னம்பலம் கடுக்கன் மின்னச் சிரித்தார். “மகாராஜா, கப்பலுக்குக் கொடுத்தது என் சொந்தப் பணம். ஊரார் பணம் பெட்டியில் தூங்குகிறது. தூங்குகிற பணம் சம்பாதிக்குமா?”

மன்னர் செண்பகராயர் நல்லவர்தான். ஆனால் சாப்பாட்டு நேரம் நெருங்கினால் தீர்ப்பு மளமளவென்று வந்துவிடும்.

“சரிதானே!” என்று எழுந்தார்.

காத்தாயியின் கண் கலங்கிவிட்டது. அவையில் இருந்த மயிலேறி மட்டும் களுக்கென்று சிரித்தான். வாய்த்துடுக்குக்காகவே சம்பளம் வாங்குகிறவன் அவன்.

“என்ன சிரிப்பு?” என்றார் மன்னர்.

“அந்தப் பணம் தூங்கியிருக்காது மகாராஜா.”

“அப்படியா? இப்போதே நிரூபி. ஆனால் வியாபாரியின் பெட்டியை அரண்மனை ஆள் தொடக்கூடாது. என் தாத்தா போட்ட சட்டம் அது. தோற்றால் அந்த எட்டுப் பொன்னும் உன் சம்பளத்தில் பிடிப்பேன்.”

“பெட்டி எதற்கு? தரகர் ஐயா, ஒரே ஒரு சந்தேகம். காத்தாயி பணம் மட்டும்தான் தூங்கியதா, எல்லார் பணமுமா?”

“எல்லாமே! இப்போதும் ஒரு காசு குறையாமல் தூங்குகிறது!”

“சத்தியமாக?”

“அம்மன் சத்தியமாக!”

மயிலேறி வெளியே போய்த் தமுக்கு அடிப்பவனின் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்தான். சற்று நேரத்தில் கடைத்தெருவில் சத்தம் கிளம்பியது.

“டும் டும் டும்! முத்துக்குப் பணம் கொடுத்தவர்களே! உங்கள் பணம் முழுக்கப் பெட்டியில் தூங்குகிறதாம். தரகரே சத்தியம் செய்திருக்கிறார். வேண்டியவர்கள் உடனே போய் எழுப்பிக்கொள்ளலாம்!”

அடுத்த நிமிஷமே தெருவில் திமுதிமுவென்று ஓடும் சத்தம். பொன்னம்பலத்துக்கு வியர்த்துக் கொட்டியது.

“ஐயோ மகாராஜா! தமுக்கை நிறுத்தச் சொல்லுங்கள்!”

“ஏன்? எடுத்துக் கொடுக்க வேண்டியதுதானே?” என்றான் மயிலேறி.

“பெட்டியில் இருந்தால்தானே ஐயா எடுத்துக் கொடுப்பேன்? எல்லாம் கப்பலேறிப் போயிருக்கிறது!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவை மொத்தமும் சிரித்தது. மன்னர் சாப்பாட்டை மறந்து மறுபடி உட்கார்ந்தார்.

“பொன்னம்பலம், ஊரார் பணம் வட்டி சம்பாதித்தால் அது ஊராருக்கு. அலைச்சலுக்கு நாலில் ஒரு பங்கு நீர் எடுத்துக்கொள்ளும். இனிமேல் பணம் வாங்கும்போதே அது எங்கே போகிறது, என்ன வட்டி வரும் என்று சொல்லிவிட வேண்டும். கப்பல் திரும்பும்வரை ஊர் பொறுத்துக்கொள்ளட்டும். காத்தாயி பொறுக்க முடியாது. அவள் பங்கை இங்கேயே எண்ணி வையும்!”

அவள் நூறு பொன்னுக்கு வந்த வட்டி பன்னிரண்டு; தன் பங்கு மூன்று போக, மடியை அவிழ்த்து ஒன்பது பொன்னை எண்ணி வைத்தார் தரகர். காத்தாயி மன்னரைக் கும்பிட்டது பாதி, கும்பிடாதது பாதியாகப் படகுத்துறையைப் பார்த்து ஓட்டமாய் ஓடினாள்.

மன்னர் மயிலேறிக்கு ஐம்பது பொன் கொடுத்தார். “இதை எங்கே வைக்கப்போகிறாய்?”

“பொன்னம்பலத்திடம்தான், மகாராஜா.”

“அவரிடமா!”

“ஆமாம். கப்பல் வரும்வரை ஊரே அவர் வாசலை விட்டு நகராது. எனக்கு வட்டிக்கு வட்டியும் ஆச்சு, காவலுக்குக் காவலும் ஆச்சு!”

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிட்டது.