கொட்டாவிக்கு ஒரு சட்டம்

வெகு காலத்துக்கு முன் மருதங்கோட்டை நாட்டை விசயகண்டன் என்ற அரசன் ஆண்டுவந்தான். தான் புலி வேட்டையாடிய கதையைத் தினமும் அவையில் சொல்வான். ஒவ்வொரு நாளும் அந்தப் புலி சாவதற்கு இன்னும் கொஞ்சம் அதிக நேரம் பிடிக்கும்.

ஒருநாள் கதையின் நடுவே யாரோ கொட்டாவி விட்டார்கள். அரசனுக்குக் கோபம் வந்தது. அவையில் கொட்டாவி விடுபவர் யாராக இருந்தாலும் நாடு கடத்தப்படுவார் என்று சட்டம் போட்டான். அதை எழுதிக் கொடுத்தவர் அவை அதிகாரி வீரகேசரி. மந்திரி குழைக்காதரைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

மறுநாளே ஒருத்தி மாட்டிக்கொண்டாள். அரசனுக்குச் சாமரம் வீசும் ஆவுடையாள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் அவள் இரவெல்லாம் கண் மூடவே இல்லை; சாமரம் வீசும்போதே கொட்டாவி வந்துவிட்டது. அவளை வேலைக்குச் சேர்த்தவர் மந்திரி என்பதால் வீரகேசரிக்கு இரட்டை மகிழ்ச்சி. குழந்தையோடு இன்றே நாட்டின் எல்லையான ஆற்றைப் படகில் கடக்க வேண்டும் என்றார். அக்கரையில் அவளுக்கு யாருமில்லை.

மந்திரி எழுந்தார். வாயைத் திறந்தவர்கள் எல்லாம் குற்றவாளிகள் அல்லவே, அவள் என்ன செய்தாள் என்று காட்டுங்கள் என்று கேட்டார்.

வீரகேசரி உற்சாகமாகக் கைகளைத் தூக்கி, கண்களைச் சுருக்கி, வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினார். சரியாகத் தெரியவில்லை என்றார் மந்திரி. மறுபடியும் காட்டினார். இன்னும் நிதானமாக, என்றார் மந்திரி. அதற்குள் பொக்கிஷதாரர் வாயைப் பொத்திக்கொண்டார். வாயிற்காவலன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். (படிக்கும் உங்களுக்கும் வருகிறதா?) கடைசியில் அரசனே நீளமாக ஒரு கொட்டாவி விட்டான்.

"எத்தனை படகு வேண்டும், அரசே?" என்றார் மந்திரி.

"சட்டம் எனக்கில்லை."

"அப்படியானால் அது சட்டமல்ல, தங்கள் கோபம்."

"எனக்கும் உண்டு என்றால்?"

"நாடே காலியாகிவிடும். ஒரு கொட்டாவியைப் பார்த்ததும் மனம் அதைப் பிடித்துக்கொள்கிறது. நம்மைக் கேட்டுக்கொண்டா செய்கிறது? யாராலும் முடியாததைச் செய்யச் சொன்னால், அது எப்படிச் சட்டமாகும்?"

வீரகேசரி குறுக்கிட்டார். "முத்திரை வைத்துவிட்டால் சட்டம்தான்."

"சரி, முதல் படகில் தாங்கள் ஏறுங்கள்."

"நான் விட்டது நடிப்பு, ஐயா."

"கடைசி நடிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதே."

அரசன் சிரித்துவிட்டான். சட்ட ஓலையை இரண்டாக முறித்துப் போட்டான். குழந்தை தேறும்வரை ஆவுடையாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பும், மந்திரிக்குத் தன் மோதிரமும் கொடுத்தான்.

வீரகேசரிக்கு? தினமும் முன்வரிசையில் உட்கார்ந்து கதை கேட்கும் வேலை. தாராளமாகக் கொட்டாவி விடலாம் என்று அனுமதியும் உண்டு. ஆனால், புலிதான் இன்னும் செத்தபாடில்லை.