ஹமீரின் கிணறு

ஜெய்சல்மேரிலிருந்து சிந்து தேசத்துக்கு ஒட்டகங்கள் சரம்சரமாய்ப் போன காலம் ஒன்று உண்டு. கப்பலும் ரயிலும் வந்த பிறகு அந்தப் பாதையை மணல் மூடிவிட்டது. ஆனால் ஜம்னாவுக்கு அது மறக்கவில்லை. ஒட்டகக் கூட்டத்துக்குத் தலைவனாயிருந்த ஹமீரின் மனைவி அவள். புதுப்பெண்ணாக அவனோடு அந்த வழியே போனபோது, நடுவில் ஒரு கிணற்றில் நீர் இறைத்து, உள்ளங்கையிலேயே ஏந்தி அவளுக்குக் கொடுத்தான் அவன்.

ஹமீர் இறந்த பின் அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் மிஞ்சியது.

"அந்தக் கிணற்றை எனக்குக் காட்டுகிறவருக்கு என் வீட்டுக்காரருடைய வெள்ளிப் பூண் போட்ட சேணத்தைத் தருவேன்" என்றாள்.

ஹமீரோடு ஒட்டகம் ஓட்டிய போமா, "எனக்குச் சேணம் வேண்டாம் அண்ணி, நான் கூட்டிப் போகிறேன்" என்று புறப்பட்டான்.

பல நாள் பயணத்துக்குப் பின் ஒரு கிணற்றருகே ஒட்டகத்தைப் படுக்க வைத்தான். "இதுதான், அண்ணி."

மணல்மேடுகள் இடம் மாறும் நாடு; கிணற்றின் விளிம்புக் கல்லையும் மணல் மூடியிருந்தது. அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. குடித்தாள். தண்ணீர் தித்தித்தது. அன்று ஹமீர் பண்ணிய வேடிக்கைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கிணற்றைக் காட்டியதற்குச் சேணத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தினாள். போமா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த இடையன் சாங்கா எல்லாவற்றையும் கேட்டான். அவன் கண் ஒட்டகத்தின் முதுகிலிருந்த சேணத்தின் மேலேயே இருந்தது. "அம்மா, இது ஹமீர் கிணறு இல்லை. அது இன்னும் மேற்கே. நான் காட்டினால் சேணம் எனக்குத்தானே?"

ஜம்னா போமாவைப் பார்த்தாள்.

"அது தூர்ந்துபோயிற்று, அண்ணி. அந்தக் கோலத்தில் நீங்கள் அதைப் பார்க்க வேண்டாமே என்றுதான்..."

"போகலாம்" என்றாள் ஜம்னா. போமா தோல் பைகளில் தண்ணீர் நிரப்பிக்கொண்டான்.

சாங்கா காட்டிய கிணற்றில் முள்ளும் மணலும்தான் இருந்தன. ஜம்னா விளிம்புக் கல்லில் மணலை ஒதுக்கினாள். ஹமீர் அவளுக்காக உளியால் கொத்திய ஒட்டகம், ஒரு காது இல்லாமல், அப்படியே இருந்தது. காது வைப்பதற்குள் கூட்டம் கிளம்பிவிட்டது அன்று. கல்லில் கன்னத்தை வைத்து நெடுநேரம் அழுதாள். போமா கொண்டுவந்த தண்ணீர் இல்லாவிட்டால் மூவரும் அங்கிருந்து திரும்பியிருக்க மாட்டார்கள்.

இரக்கத்தால் பொய் சொன்னான் ஒருவன். ஆசையால் மெய் சொன்னான் மற்றவன். சொல்லுங்கள், சேணம் யாருக்குச் சேர வேண்டும்?

சாங்காவுக்குத்தான். கிணற்றைக் காட்டுகிறவருக்கு என்றுதான் ஜம்னா வாக்குக் கொடுத்தாள். நல்ல மனசுக்காரருக்கு என்று அல்ல. தவிர, பாலைவனத்தில் கிணற்றை மாற்றிச் சொன்னால், ஹமீர் கிணற்றில் இன்னும் தண்ணீர் உண்டென்று நம்பி அடுத்து வருகிறவன் செத்துப்போவான். போமாவே அதை ஒப்புக்கொண்டான். சேணத்தை ஜம்னா தன் கையாலேயே சாங்காவிடம் கொடுத்தாள். ஆனால் திரும்பும் வழியெல்லாம் அவள் ஹமீரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தது போமாவோடுதான்.